வின்சென்ட் அண்ணனின் கை

வின்சென்ட் அண்ணன் கொலுசுப் பட்டறையில் முத்துப் பற்றவைப்பவர். மிளகைவிடச் சின்ன வெள்ளி முத்தை நெருப்பில் இம்மி பிசகாமல் ஒட்ட வேண்டும். ஞாயிறானால் பங்குக் கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பார், இருபத்திரண்டு வருஷமாக. பிள்ளையில்லாத மனிதருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் உயிர்.

போன வருஷம் கிட்டாரின் ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, பூசை நடுவே கரகரக்கத் தொடங்கியது. ஒரு பாட்டில் வரும், இன்னொன்றில் வராது. சேலத்தில் ஆம்ப் சர்வீஸ் செய்யும் என்னிடம் மூன்று முறை கொண்டுவந்தார்கள். ஜாக், வயர், ஸ்பீக்கர் எதையும் விடாமல் பார்த்து, நாள் முழுக்க ஓட்டினேன். மூன்று முறையும் சத்தம் சுத்தமாக வந்தது.

முருகானந்தம் கையில் சிக்காத கோளாறா என்ற திமிர் எனக்கு. நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டேன்.

"பொட்டியில ஒண்ணுமில்லீங்க. அண்ணனுக்கு வயசாச்சு, கை நடுங்குதோ என்னமோ."

அந்த 'என்னமோ' யார் காதிலும் விழவில்லை. கீபோர்டே போதும் என்று முடிவாகி, பெட்டி மூலைக்குப் போனது. அண்ணன் என் கடைக்கு வந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

"பாரு முருகா, நடுங்குதா?"

நான் பார்க்கவே இல்லை. "விடுங்கண்ணா, எல்லாருக்கும் வயசாகுதுங்க" என்று சிரித்தேன். அதன்பின் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தொடைமேல் விரல்களை ஓட்டிக்கொண்டிருப்பாராம்.

மாரடைப்பில் போனார். போன அன்று மாலைவரை முத்துப் பற்றவைத்திருக்கிறார். கை நடுங்குபவன் எப்படிப் பற்றவைப்பான்? கண்ணிருந்தும் குருடன் நான்.

அடக்கப் பூசையில், அவர் மனைவி அக்சிலியா அக்கா கேட்டுக்கொண்டதால், வேறு பங்கிலிருந்து வந்த நண்பர் அந்தப் பெட்டியிலேயே வாசித்தார். அரை மணியில் அதே கரகரப்பு. ஓடிப்போய்த் தொட்டேன், கை பொசுங்கியது. பீடத்தருகே கறுப்புப் பெட்டி மொட்டையாக நிற்கக்கூடாதென்று, அக்கா போன வருஷமே தன் கல்யாணப் பட்டில் தைத்துப் போட்ட உறை பின்பக்கக் காற்றுத் துளைகளை மூடிக் கிடந்தது. என் கடைக்கு அது உறையில்லாமல்தான் வரும்.

மறுநாள் உறையோடு ஓட்டி, சூடேறியதும் பென்சிலால் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையைத் தட்டினேன். ஓரிடத்தில் சால்டர், ஈயப் பற்று, மயிரிழை விட்டிருந்தது. சூட்டில் விரியும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். பற்றவைக்க ஒரு நிமிஷம் ஆனது.

கொண்டுபோய் வைத்தபோது அக்கா கேட்டார்.

"ஏனுங்க தம்பி, அவரு கைதானுங்களா?"

"இல்லீங்கக்கா. பொட்டியில சால்டர் விட்டிருந்துச்சு. தப்பு என்னுதுங்க."

"பத்த வெக்கற வேலைங்களா? அவருகிட்டக் குடுத்திருந்தா அவரே பண்ணியிருப்பாருங்களே."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உறையை எடுத்து நீட்டினார்.

"போத்தி உடுங்க தம்பி. அவரு பொட்டி, தூசி படாம இருக்கட்டும்."

உறையைப் பற்றி மட்டும் சொல்ல மனம் வரவில்லை. வாங்கிப் போர்த்தினேன்.