வயிற்று வலி என்றே சொல்லச் சொன்னார்கள்

என் தம்பி தற்கொலை செய்துகொண்ட அன்று, போளூர் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு மலையேறி வீடு வருவதற்கு முன்பே காரணம் தயாராகிவிட்டது.

"வவுத்து வலின்னு சொல்லுங்க. போலீஸ் கேட்டாலும் அதான், சொந்தக்காரன் கேட்டாலும் அதான்" என்றார் பெரியப்பா.

எங்கள் பக்கத்தில் யார் இப்படிச் செத்தாலும் வயிற்று வலிதான். எழுதிக்கொள்கிற போலீஸ்காரருக்கும் கை பழகிவிட்டது.

ஜமுனாமரத்தூர் டீக்கடையில் என் காதுபடவே பேசினார்கள்.

"ஆம்பளைக்கு இன்னாடா வவுத்து வலி, புள்ள பெக்கப் போனானா?"

"பொண்டாட்டி வாய்க்குப் பயந்து போய்ட்டிருப்பான்."

சிரித்தார்கள். அதே வாயோடு காரியத்துக்கு வந்து, இன்னொரு வடை கேட்டு வாங்கித் தின்றார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவள். எதற்கெடுத்தாலும் பயம். பஸ் மலை இறங்கினால் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடிக்குமா என்று கம்பியை இறுக்கிக்கொள்வேன். அதனாலோ என்னவோ, தம்பி தூங்காமல் கிடப்பது முதலில் என் கண்ணில்தான் பட்டது. கேட்டதற்கு, "நீ எல்லாருக்கும் பாரம்னு உள்ள ஒருத்தன் சொல்லிக்கினே இருக்கான்க்கா" என்றான்.

சாமை விளையாததாலா, வேலை போனதாலா என்று பிறகு எவ்வளவோ யோசித்தேன். அதெல்லாம் ஊரில் பலருக்கும் நடந்ததுதான். உள்ளே பேசியது பொய் என்று அவனுக்குத் தெரியாமல் போனது. அதுதான் நோய்.

வேலூரில் டாக்டரிடம் காட்டலாம் என்று அப்போதே சொன்னேன். "பைத்தியம்னு பேரு வந்தா அவன் பொண்ண நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று பெரியப்பா வாயை அடைத்துவிட்டார். அவன் மகளுக்கு எட்டு வயது.

காரியம் முடிந்தும் தம்பி மனைவிக்குத் துணையாக நான் அந்த வீட்டிலேயே தங்கியிருந்தேன். அவள் காட்டு வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் பகலில் குழந்தை பலாப்பழத்தைத் தின்றுவிட்டு மூலையில் சுருண்டு கிடந்தாள். வலிக்கிறதா என்றால் இல்லையென்று தலையாட்டினாள். உதடு வெளுத்திருந்தது. மடியில் இழுத்துப் போட்டதும் மெல்லச் சொன்னாள்.

"வவுறு வலிக்குது அத்தை. நானும் அப்பா மாதிரி செத்துடுவேனா?"

பெரியப்பா பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "புள்ளகிட்ட கண்டதையும் ஒளறாத" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. குழந்தையிடம் திரும்பிக்கொண்டேன்.

"அப்பாவுக்கு வவுத்து வலியே இல்ல கண்ணு. அது பொய். அவருக்கு மனசுல நோவு. அது முத்திப்போய் அவரே உயிரை விட்டுட்டாரு. உனக்கு வந்தது பலாப்பழ வலி, கசாயம் குடிச்சா போய்டும்."

அவள் மடியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"மனசு நோவுக்கு ஆஸ்பத்திரி இல்லையா?"

"இருக்குது."

"அப்போ ஏன் அப்பாவ இட்டுனு போவல?"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நேரமாச்சு, சோறு போடும்மா" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. குழந்தையின் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னேன்: "கேக்குறா இல்ல? பதில் சொல்லுங்க."