ஏவாளின் தங்கச்சி

தூத்துக்குடியில் எங்கள் தெருவின் தாத்தாக்கள் முத்துக்குளித்தவர்கள். அப்பாக்களில் பாதிப்பேர் கப்பலுக்குப் போனவர்கள். விடுப்பில் வரும்போது சென்ட் பாட்டில், சாக்லேட், மினுமினுக்கும் போர்வை என்று கொண்டுவருவார்கள். என் அப்பா ஒருமுறை ஒரு படம் கொண்டுவந்தார். ஏதோ ஓர் ஐரோப்பியத் துறைமுகத்தில், பழைய சாமான் கடையில் வாங்கியதாம். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்த படம். பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று அப்பா சொன்னபோது, அந்த நூற்றாண்டையே அவர் சுருட்டிக் கொண்டுவந்துவிட்ட மாதிரி எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

படத்தில் அடர்ந்த மரங்கள், நடுவே ஓர் ஓடை. கரையில் ஓர் ஆணும் இரண்டு பெண்களும். மூன்று பேர் உடம்பிலும் பொட்டுத் துணி கிடையாது. துணியில்லாமல் தோட்டத்தில் இருந்தவர்கள் ஆதாமும் ஏவாளும் என்று ஞாயிறு ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தேன். மிச்சமிருந்த ஒருத்தி ஏவாளின் தங்கச்சி என்று நானே முடிவுசெய்து, பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியும்விட்டேன். வேறு யார் வீட்டில் ஏவாளின் தங்கச்சி இருக்கிறாள்?

அம்மா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முன்னறையில் மாதா படத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டினாள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க வருவதாக இருந்தது. பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கோயிலில் மாதா சொரூபத்துக்குச் சேலை மாற்றுகிறவள். மாதாவின் கால்விரல் ஒன்று வெளியே தெரிந்தாலும் மனசு பொறுக்காது அவளுக்கு. தவக்காலத்தில் சொரூபங்களை மூடுகிற ஊதாத் துணியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏளா, சாமியார் இதப் பாத்தா நம்ம குடும்பத்தப் பத்தி என்ன நெனப்பாரு? மூடிப்போடு" என்றாள்.

அப்பாகூடப் பயந்துவிட்டார். கழற்றிப் பரணில் போட்டுவிடலாமே என்று முனகினார். என் அம்மா வாயில்லாப் பூச்சி. அத்தை சொன்னால் கொதிக்கிற குழம்பைக்கூடப் பாதியில் இறக்கிவைப்பாள். அன்றைக்கு மட்டும் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாள்.

"மூட மாட்டேன் மைனி. அவுக எனக்குன்னு கொண்டாந்தது. இருக்கபடியேதான் இருக்கும்."

அத்தை எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். படம் சுவரில் தங்குமா, பரணுக்குப் போகுமா என்று ஞாயிறுவரை நாளுக்குப் பத்துத் தடவை முன்னறையை எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் அளந்த அளப்புக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

சாமியார் வந்தார். அடுக்களையில் ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்துக்கொண்டே முன்னறைக்கு வந்தார். கோபித்துக்கொண்டு போயிருந்த அத்தை அவருக்கு முன்னாலேயே வந்து, முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு படத்தை மறைத்து நின்றாள். தெளித்த தீர்த்தமெல்லாம் அவள் முகத்திலேயே விழுந்தது. சாமியார் அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். ஒவ்வோர் இலையையும் எத்தனை பொறுமையாகச் செதுக்கியிருக்கிறான் என்று வியந்தார். யார் வாங்கியது என்று கேட்டார். அம்மா தலையை நிமிர்த்தி அப்பாவைக் கைகாட்டினாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. சாமியார் படத்துக்கும் சேர்த்தே தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து அத்தை, தன் தம்பி சீமையிலிருந்து கொண்டுவந்த படத்தைச் சாமியாரே மந்திரித்தார் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஊதாத் துணியைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அத்தைக்கு நீ ஏன் பயப்படவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். சந்தோஷத்தில் இருந்தவள், ஓடையில் இறங்குகிற பெண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"இவ என்னய மாதிரி இருக்கான்னுதான் உங்கப்பா வாங்குனாக."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நூற்றாண்டு பழைய படத்தில் என் அம்மா! நான் ஸ்டூலில் ஏறிக் கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தேன். அந்தப் பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டல்லவா நிற்கிறாள்? அப்பாவிடமே போய்க் கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். முகமே தெரியாத ஒருத்தி அம்மா மாதிரி இருக்கிறாள் என்று அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.