காலி வண்டியும் ஊடு வரணும்

வீடியோ கேம் செய்கிறவனுக்கு நாமக்கல்லில் பெண் கொடுக்க மாட்டார்கள். தப்பித்தவறிக் கொடுத்துவிட்டாலும் மாமனார் ஊருக்குள், "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல இருக்காருங்க" என்று பொதுவாகச் சொல்லிவைப்பார். என் மாமனார் அப்படித்தான் சொன்னார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. செல்போனில் லாரி ஓட்டும் ஆட்டம் ஒன்றைச் செய்துவிட்டு, டயர் கடை மாடியில் உட்கார்ந்து, ஆடுகிறவர்களிடம் போனில் திட்டு வாங்குவதுதான் என் வேலை என்று விளக்கியிருந்தால் கல்யாணமே நின்றிருக்கும்.

"இந்த ஒரு ட்ரிப்பு முடிச்சுட்டு வந்துடறேன்" என்று சொல்லிச் சொல்லித் தோசையை ஆறவிட்டிருக்கும் அன்பர்களே, உங்கள் தோசை ஆறியதில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு ஆட்டம் ஏன் நூற்றுக்கணக்கான மணி நேரம் அலுக்காமல் இருக்கிறது என்று படித்தவர்கள் படம் போட்டு விளக்குவார்கள். எனக்கு அதைத் திட்டு வாங்கிய போனே சொல்லிக்கொடுத்தது.

முடிக்கத் தெரியாதவர்கள்

எங்கள் ஆட்டம் எளிது. நாமக்கல்லில் முட்டை லோடு ஏற்ற வேண்டும், பெங்களூரிலோ கொச்சியிலோ இறக்க வேண்டும். மற்ற ஆட்டங்களில் இறக்கியவுடன் பட்டாசு வெடித்து 'வெற்றி' என்று கொட்டை எழுத்தில் வரும். எங்களுடையதில் ஒன்றும் வராது. காலி வண்டியை நீங்களே நாமக்கல்வரை ஓட்டி வர வேண்டும். அதற்குப் புள்ளியும் இல்லை, பரிசும் இல்லை.

இந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்வது பற்றிப் பேச பெங்களூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து கிருபாகரன் என்பவர் வந்தார். அவர் தலையாட்டினால் நாங்கள் பிழைப்போம். இல்லையென்றால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான். புரோகிராம் எழுதும் என் கூட்டாளி செந்தில் அவன் அப்பாவின் லாரிப் பட்டறைக்குப் போவான், நான் ஏதாவது பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் ரூமுக்குப் போவேன். கிருபாகரன் ஆடிப் பார்த்தார். "லோடு இறக்கின பிறகும் கேம் முடியலையே, இதை எப்படி மறந்தீங்க?" என்றார். லாரிக்கு நடுவிலேயே வளர்ந்த செந்திலுக்குக் கேள்வியே புரியவில்லை. அவரைப் பரிதாபமாகப் பார்த்து, வீட்டை 'ஊடு' என்னும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கேட்டான்: "ஏனுங்க சார், லோடு எறக்குனா வண்டி ஊடு வர வேண்டாமுங்களா?"

உடைந்த முட்டை

ராசிபுரத்தில் நெய் வியாபாரம் செய்யும் பழனிசாமி அண்ணன் முதல் தடவை கூப்பிட்டதே திட்டுவதற்குத்தான். வேகத்தடையைப் பார்க்காமல் ஏற்றிவிட்டார், அட்டை அட்டையாக முட்டை போய்விட்டது. "கேமா இது, ஏமாத்து வேலை!" என்றார். நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன். திட்டுகிறவர் போக மாட்டார், பேசாமல் இருக்கிறவர்தான் போய்விடுவார் என்பது என் அனுபவம்.

அப்படியே ஆயிற்று. கியரைக் குறைத்து வண்டியைக் கொஞ்சம் சாய்வாக ஏற்றினால் முட்டை தப்பிக்கும் என்று அவரே கண்டுபிடித்தார். மழை பெய்தபோது அந்த வித்தை பலிக்கவில்லை. அதற்கு வேறொன்று பழகினார். இப்போது முந்நூறு மணி நேரத்தைத் தாண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆட்டம் அநியாயமாகத் தோற்கடித்தால் எவனும் அதைத் தூக்கி எறிந்துவிடுவான், தன் கைத்தப்பால் தோற்றவன் இடத்தைவிட்டு எழுந்திருக்கவே மாட்டான். "இன்னும் அலுக்கலீங்களாண்ணா?" என்று கேட்டேன். "ரோட்டு மேல தப்புன்னா அன்னைக்கே உட்டுருப்பனுங்க. தப்பு எம்மேலதானுங்களே இருக்குது!"

டீக்கடையில் நிற்கும் லாரி

சேலத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் காதர் பாய் விஷயம் வேறு. அவர் ஆடிய நேரம் எக்கச்சக்கம், இறக்கிய லோடோ ஒன்றிரண்டு. எங்கள் கணக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து நானே போன் செய்தேன். கோளாறு ஒன்றும் இல்லை. மனிதர் தொப்பூர் கணவாய்க்குப் பக்கத்தில் நாங்கள் சும்மா வரைந்துவைத்த டீக்கடை ஓரமாக லாரியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

அந்த டீக்கடையை வேண்டாமென்று எடுத்துவிடுவதாக இருந்தோம். நல்ல வேளை, சோம்பேறித்தனம் காப்பாற்றியது. "லாரி கேமுல லாரியே ஓட்டாம இருக்கீங்களே பாய்?" என்றேன். "தம்பி, கடையில காலைலேர்ந்து ஆளாளுக்கு எதையாவது கேட்டுக்கிட்டே இருக்காங்க. இந்த லாரி என்னைய ஒண்ணுமே கேக்கறதில்லப்பா."

பரிசுப் பெட்டி

கிருபாகரன் விடுவதாக இல்லை. திரும்பி வரும் பாதையை வெட்டிவிடுங்கள், தினமும் ஒரு பரிசுப் பெட்டி கொடுங்கள், அப்போதுதான் ஜனங்கள் ஒட்டிக்கொள்வார்கள் என்றார். அந்த மாதிரி ஒன்றைச் செய்து கொஞ்சம் பேருக்கு மட்டும் அனுப்பினோம். பெட்டிக்குள் ஒரு நாள் ஏர்ஹாரன், ஒரு நாள் சீரியல் லைட். முதலில் திருவிழாக் கூட்டம்தான். கிருபாகரன் என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் தண்ணீர் குடித்துச் சமாளித்தேன்.

கூட்டம் வந்த வேகத்திலேயே கரைந்தது. லாரிப் பட்டறையில் பெயின்டராக இருக்கும் முருகேசன் தினமும் தவறாமல் வந்து பெட்டியைத் திறப்பார், ஹாரனை ஒரு அமுக்கு அமுக்குவார், மூடிவிடுவார். வண்டியை நகர்த்துவதே இல்லை. கொஞ்ச நாளில் அதற்கும் வருவதை நிறுத்திவிட்டார். ஏன் வண்டி எடுப்பதில்லை என்று நான் போனில் கேட்டதற்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "பொட்டி தொறக்க வந்தனுங்க, தொறந்தாச்சு. அப்ப நான் வாரேனுங்க."

மேகலா அக்கா

அந்த மாற்றிய ஆட்டம் திருச்செங்கோட்டுப் பக்கத்து மேகலா அக்காவுக்கும் போயிருந்தது. கிருபாகரன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவர் கூப்பிட்டார். வாடிக்கையாளர் எப்படிப் பேசுவார் என்று பெங்களூரும் கேட்கட்டுமே என ஸ்பீக்கரில் போட்டேன். "ஏனுங் தம்பி, திரும்பி வர்ற ரோட்டக் கொண்டுபோயி எங்க வெச்சீங்க?" என்றார் எடுத்த எடுப்பில்.

இனிமேல் லோடு இறக்கினால் வண்டி தானாகவே நாமக்கல் வந்துவிடும், உங்களுக்கு நேரம் மிச்சம் என்று, கிருபாகரன் சொல்லிக்கொடுத்தபடியே ஒப்பித்தேன். அக்கா மெதுவாகச் சொன்னார்: "எங்கூட்டுக்காரரு லைன் லாரி டிரைவருங்க, லோடு ஏத்திக்கிட்டு வடக்க போயிருக்காருங்க. லோடு எறங்கிருச்சுன்னு போன் வரும், ஊடு எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது. இந்த வண்டி நான் ஓட்டுனா ஊடு வந்து சேந்துருது. அதையும் புடுங்கிட்டீங்களே, சாமி."

கிருபாகரன் வருகிறார்

போனை வைத்ததும் செந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் தெளிவாகவே சொல்லிவிட்டேன்: பாதை இருக்கும், பெட்டி இருக்காது, இஷ்டமிருந்தால் கையெழுத்துப் போடுங்கள். கிருபாகரன் லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் நாற்காலிகளை யார் தலையில் கட்டலாம் என்று யோசிக்கத் தொடங்கினோம்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அவரே கூப்பிட்டார். "தொப்பூர் இறங்கிட்டேன் சார். நாமக்கல் வந்ததும் அக்ரிமெண்ட் பேசலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அடித்துப் பிடித்து மாடியைப் பெருக்கினோம். செந்தில் போண்டா வாங்கி வந்தான். போண்டா ஆறியது, ஆளைக் காணோம். மறுபடி போன். "வந்துட்டேன் சார், வண்டியை நிறுத்தியாச்சு." நான் ஓடிப்போய்ப் படியில் நின்று எட்டிப் பார்த்தேன். கீழே டயர்தான் இருந்தது. "எங்கீங்க சார், காணோமே?" என்றேன். "நான் பெங்களூர்லதான் சார் இருக்கேன். பாதையை எடுக்க வேண்டாம். என் காலி வண்டி இப்பத்தான் ஊடு வந்து சேர்ந்துச்சு."

அக்ரிமெண்டில் கையெழுத்தாகிவிட்டது, நாற்காலிகள் தப்பித்தன, மாமனார் மட்டும் இன்றைக்கும் "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல இருக்காருங்க" என்றுதான் சொல்கிறார், அதையும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், வண்டி இன்னும் ஊடு வந்து சேரவில்லையாம்.