உதறாத பம்பு

அங்கப்பண்ணனைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால், அவரிடம் நான் போட்ட சத்தம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். போத்தனூரில் எங்கள் வீட்டில், ஹாரிகா வந்துவிட்டாள், வாயை மூடு என்று தெலுங்கில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது யாராவது யாரிடமாவது சொல்வார்கள். அப்படிப்பட்டவளிடம் வந்து அந்த மனிதர் மாட்டிக்கொண்டார்.

கணபதி என்கிற பகுதியில் ஒரு சந்துக்குள் தகரம் போட்ட பட்டறை அவருடையது. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், சுவரோரம் பிரித்துப் போட்ட பம்புகள். அப்பாவும் அம்மாவும் தோட்டம் தோட்டமாகக் கூலிக்குப் போனவர்கள். இவர் பதினாறு வயதில் பம்பு கம்பெனியில் சேர்ந்து, இருபது வருடம் அடுத்தவர் லேத்தில் நின்று, பிறகு சொந்தமாக ஒன்று வாங்கிப் போட்டார். செய்து முடித்த பம்பை ஓடவிட்டு, அதன் தலையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைப்பார். தண்ணீர் அலையக்கூடாது. அலைந்தால் அந்தப் பம்பு பட்டறையை விட்டு வெளியே போகாது.

எனக்கு இருபத்தொன்பது வயது. கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் செயற்கை ரத்தக்குழாய் செய்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. பென்சில் பருமனில் வெள்ளையாக, மெத்தென்று ஒரு டியூப். வெறும் பிளாஸ்டிக்கைத் தொட்டால் ரத்தம் அதை அந்நியமாகப் பார்த்து உறைந்துவிடும். அதனால் டியூப்பின் உட்சுவரில் உயிருள்ள செல்களை ஒட்டி வளர்க்கிறோம். பிரசவ வார்டில் தாய்மார்கள் சம்மதித்துக் கொடுக்கும் தொப்புள்கொடியிலிருந்து எடுத்த செல்கள். அவற்றைத் தொட்டால் ரத்தம் தன் வீட்டுச் சுவர் என்று நினைத்துப் பேசாமல் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், தேங்கிய திரவத்தில் சொகுசாக வளர்ந்த செல்கள் ஓட்டத்தைக் கண்டதும் பெயர்ந்துவிடுகின்றன. இதயம் தள்ளுவதைப் போலவே தள்ளித் தள்ளி, முதலில் மெதுவாக, பிறகு வேகமாகப் பழக்க வேண்டும். ஒவ்வொரு தள்ளலுக்கும் டியூப் விரிந்து சுருங்க வேண்டும். அதற்கு ஒரு பம்பு வேண்டும். தெருவுக்கு நாலு பேர் பம்பு செய்கிற ஊரில் இதை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதா என்று நானே கணபதிக்குப் போய், படம் வரைந்து, மேடும் பள்ளமுமாகக் கோடு போட்டு அவரிடம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"செஞ்சுபோடலாமுங்க அம்மணி" என்றார்.

மூன்று வாரத்தில் கொண்டு வந்தார். பூனை மாதிரி ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு வாரம் வளர்த்த செல்களோடு டியூப்பை அதில் மாட்டினேன். நாலாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தால் சுவர் மொட்டை. எல்லாச் செல்களும் பெயர்ந்து திரவத்தில் மிதந்துகொண்டிருந்தன. மீட்டரை மாட்டிப் பார்த்தேன். அழுத்தம் ஒரே நேர்க்கோடாக இருந்தது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

அவரை வரச்சொன்னேன். வந்து நின்றதும் கேட்டேன்.

"அண்ணா, நான் வரைஞ்சு குடுத்த மேடு பள்ளம் எங்கண்ணா?"

"உதறல் இருந்துச்சுங்க. காத்துக் குடுவை ஒண்ணு வெச்சு அந்த உதறல எடுத்துப்போட்டனுங்க" என்றார். முகத்தில் அத்தனை பெருமை.

அவ்வளவுதான். வாய்க்கு வந்தபடி பேசினேன். உங்களை யார் எடுக்கச் சொன்னது, எட்டு வார வேலை போச்சு என்று கத்தினேன். "மனுசன் ரத்தம் இப்படியா ஓடுது? உங்க கையையே தொட்டுப் பாருங்க" என்று முடித்தேன்.

அவர் நிமிரவில்லை. "தெரியுமுங்க அம்மணி. தெனமும் தொட்டுப் பாக்கறனுங்க" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். மனைவி மாசாணியம்மாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். ஊசி போடுவதற்காகக் கையில் தோலுக்கடியில் பிளாஸ்டிக் டியூப் வைத்திருக்கிறார்கள். இடது கையில் வைத்தது இரண்டு முறை அடைத்துக்கொண்டு வீணாகிவிட்டது. இப்போது வலது கை. தினமும் காலையில் விரலை வைத்து ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

"கிர்ருனு அடிச்சு அடிச்சு ஓடுமுங்க. அது தெரிஞ்சும் எடுத்துப்போட்டனுங்க. உதறுற பம்ப எவன் வாங்குவான்னு முப்பது வருசக் கைப்பழக்கமுங்க."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் கேட்டார். "இந்த டியூப்பு எப்பங்க ஆஸ்பத்திரிக்கு வரும்? இதுன்னா அடைக்காதுங்கல்ல?"

முதலில் ஆட்டுக்கு வைக்க வேண்டும், பிறகு அனுமதி வேண்டும், பிறகு மனிதர்களிடம் சோதனை, பத்து வருடம் ஆகும் என்று சொல்லியிருக்க வேண்டும். கத்திய வாய்க்கு அது வரவில்லை. "சீக்கிரம் வந்துரும்ண்ணா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. பம்பை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனார். காற்றுக் குடுவையைக் கழற்றி எறிந்துவிட்டு, மாசாணியம்மாள் படுத்திருந்த கட்டிலோரம் ஸ்டூல் போட்டு அதன்மேல் பம்பை வைத்தார். ஒரு கையில் மனைவியின் மணிக்கட்டு, இன்னொரு கையில் திருப்புளி. மத்தியானம் முழுக்க அப்படியே உட்கார்ந்து, நாடி அடிக்கிறபடியே பம்பு அடிக்கும்வரை திருகியிருக்கிறார். கொண்டு வந்து வைத்தபோது, "மாசாணி நாடிங்க இது. இதுல உங்க செல்லு நிக்கலைன்னா அப்பறம் என்னைய வையுங்க" என்றார்.

நின்றது. புதிதாகச் செல் வளர்த்த டியூப்பை அதில் மாட்டி, பத்து நாள் கழித்துப் பார்த்தால் செல்கள் ஓட்டத்தின் பக்கமாகவே நீண்டு, இடைவெளியில்லாமல் படுத்திருந்தன. நானும் என்னோடு வேலை செய்யும் ஹிபாவும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அங்கப்பண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறார் என்று தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

"அம்மணி, வலது கையும் அடைச்சுப்போச்சுங்க. இப்பத்திக்குக் கழுத்துல குழாய் போட்டு ஓட்டறாங்க. அது ரொம்ப நாளைக்கு ஆகாது, தொடையில டியூப்பு வைக்கோணும்ங்கறாரு டாக்டர். நான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். நம்ம டியூப்பு வந்துருமில்லீங்க?"

நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி இந்த மனிதர் அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போடுகிறார். பெண்டாட்டி உயிர் அது. போனில் சொல்ல வாய் வரவில்லை. வந்த பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

வார்டில் மாசாணியம்மாள் மட்டும் இருந்தார். மெலிந்த உடம்பு, கழுத்தில் கட்டு. அங்கப்பண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தார். நான் யாரென்று சொன்னதுமே சிரித்தார்.

"நீங்கதானுங்களா அந்தக் கோவக்கார அம்மணி? உக்காருங்க."

உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டினேன். டியூப் ஆட்டுக்குத்தான் முதலில் போகும், பத்து வருடம் ஆகும், உங்களுக்கு வராது, பொய் சொல்லிவிட்டேன் என்றேன்.

"தெரியுமுங்க" என்றார்.

"எப்படிக்கா?"

"டயாலிசிஸ்ல ஷைமான்னு ஒரு நர்சு இருக்குதுங்க. இவரு வந்து சொன்ன மறுநாளே அதுகிட்டக் கேட்டுப்போட்டேன். அதுக்கெல்லாம் ரொம்ப வருசம் ஆகும்க்கான்னு சொல்லிருச்சு."

"அண்ணன்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "இடது கை அடைச்சுப்போனப்ப அவரு சோறே திங்கலீங்க. தூங்காம என்ற கையத் தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. இந்தப் பம்பு வேலை வந்த பொறகுதான் பழையபடி திங்கறாரு, தூங்கறாரு. எனக்கு டியூப்பு வராட்டிப் போகுது. அவருக்குத் தூக்கம் வந்துச்சில்லீங்க, அது போதும்னு இருந்துட்டேன்." பிறகு, "தொடையில வைக்கறதுக்குக் காலைலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துப்போட்டனுங்க. அவருக்குத்தான் இன்னும் தெரியாது" என்றார்.

மருந்துப் பையோடு அங்கப்பண்ணன் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் மறுபடி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"எப்ப இருந்து?"

"நீங்க பம்பக் கட்டிலோரம் கொண்டாந்து வெக்கறதுக்கு முன்னாடியே."

"அப்பறம் ஏம்புள்ள கையக் குடுத்த?"

"நீங்க கேட்டீங்க, குடுத்தேன்" என்றார் மாசாணியம்மாள்.

அங்கப்பண்ணன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

தொடையில் டியூப் வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்று ஷைமாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கப்பண்ணன் இனி எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்றே நினைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் ஆராய்ச்சிக்கூட வாசலில் நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை.

"தொடையில நல்லா ஓடுதுங்க. தொட்டுப் பாத்துட்டுத்தான் வாரேன்" என்றார்.

"பத்து வருசம்னீங்கல்லங்க?"

"ஆமாண்ணா. கூடவும் ஆகலாம்."

"இந்தப் பேரிங் அத்தன வருசம் தாங்காதுங்க. அவசரத்துல சாதாரணத மாட்டிப்போட்டேன்." பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய புதுப் பேரிங்கை எடுத்தார். "எத்தன நிமிசம் நிறுத்தலாமுங்க? செல்லு பொறுக்குமா?"

"பத்து நிமிசம்."

ஏழு நிமிடத்தில் முடித்தார். ஸ்விட்சைப் போட்டுவிட்டு, பம்பிலிருந்து போகும் ரப்பர் குழாயின் மேல் இரண்டு விரலை வைத்தார். மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை. திருப்புளியால் லேசாக ஒரு திருகு, மறுபடி ஒரு திருகு. பிறகு திருப்புளியைக் கீழே வைத்தார். விரலை மட்டும் எடுக்கவில்லை.

"இனி பத்து வருசத்துக்கு இதுக்கு ரிப்பேர் வராதுங்க" என்றார். "ஆனா நான் அப்பப்ப வந்து தொட்டுப் பாத்துட்டுப் போவேனுங்க அம்மணி. அப்ப மாசாணி இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."