வைஸ் வாங்க ஆறு ஞாயிறு

நான் பாவு பிணைக்கிறவன். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்தால் புதுப் பாவு வரும். பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியோடும் புதுப் பாவின் இழை ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தெருவில் கூப்பிட்டாலும் போவேன். படிப்பு ஐந்தாவது வரைக்கும். தறிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் யாரோடும் பேசத் தேவையில்லை. எனக்கு அது பழகிவிட்டது.

மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. செவிலிமேட்டில் ஒற்றை ரூமில் இருக்கிறேன். ஒரே மகன். இமாச்சலில் ஆற்றோரம் இருக்கிற ஒரு ஓட்டலில் சமையல் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அங்கே சாப்பாட்டுக் கூட்டம் முடிந்ததும் போன் செய்வான்.

"சாப்டியாபா?"

"ஆச்சி. நீ?"

"இனிமேதான். உடம்பு?"

"இருக்குது."

"செரி, வெச்சிடறேன்."

அவ்வளவுதான். அவன் அம்மா இருந்தபோது அவள்தான் பேசுவாள். எனக்கும் அவனுக்கும் பேச்சு வராது. போன் வைத்த பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருப்பேன்.

போன வருஷம் ஒரு ஞாயிறு, போனில் ஒரு படம் அனுப்பினான்.

"இன்னான்னு சொல்லு பாக்கலாம்."

"கொசு."

சிரித்தான். "மீனும் அப்டித்தான் நெனைக்குது. தூண்டி முள்ளு மேல கோழி றெக்கைய நூலால சுத்தி வெச்சிருக்காங்கபா. ஃப்ளைன்னு பேரு. இங்க வர கெஸ்டுங்க இத்த ஆத்துல வுட்டு மீன் புடிக்கிறாங்க."

"கொழம்புக்கா?"

"இல்ல, புடிச்சிட்டுத் திரும்ப வுட்டுடுவாங்க."

"வுடறதுக்கு எதுக்குடா புடிக்கணும்?"

அதற்கும் சிரித்தான். அவன் இரண்டு தடவை சிரித்து நான் கேட்டு வெகு நாள் ஆகியிருந்தது. பிறகு சொன்னான்: "கெஸ்டுங்க இத்த பாறையில மாட்டித் தொலைச்சிட்டு என்னாண்டதான் வந்து கேக்கறாங்க. நீ தலமுடி மாதிரி இழையெல்லாம் சேக்கிற ஆளு. உன்னால கட்ட முடியுமா?"

"பாக்கறேன்."

அந்த வாரமே ஒரு கவரில் முப்பது முள் வந்தது. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தில் பாதி. கூடவே கட்டுகிற விதத்தை வீடியோவாக அனுப்பியிருந்தான்.

முள்ளை அசையாமல் கவ்விப் பிடித்துக்கொள்ள ஒரு வைஸ், திருகு வைத்த இடுக்கி, வேண்டும். அதுதான் முதல் வேலை. ஒரு முள்ளைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு கடை கடையாகப் போனேன்.

இரும்புக் கடைக்காரர் பெரிய வைஸைத் தூக்கி வைத்தார். அதன் வாயே என் கட்டைவிரல் அகலம். முள் உள்ளே போனால் வெளியே தெரியாது.

"இன்னாத்த புடிக்கப் போற பெரியவரே?"

தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"மீனத்தான் தூண்டில்ல புடிப்பாங்க. நீ தூண்டிலையே புடிக்கிறியா?" என்றார். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

வாட்ச் ரிப்பேர்காரர் கையில் பிடிக்கிற சின்ன வைஸ் ஒன்றைக் காட்டினார். வாய் சரியாக இருந்தது. ஆனால் அதைப் பிடிக்க ஒரு கை போய்விடும். நூலுக்கு ஒரு கை, றெக்கைக்கு ஒரு கை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மகனிடம் சொன்னேன்.

"மூணாவது கைக்கு எங்க போறது?" என்றேன்.

"டேபிள்ல மாட்டுறதா பாருபா. வாய் சின்னதா இருக்கணும்."

இருபது நிமிஷம் பேசினோம்.

உண்மையைச் சொன்னால், எனக்கு ஏற்ற வைஸ் முதல் வாரமே கண்ணில் பட்டுவிட்டது. பொற்கொல்லர்கள் சாமான் வாங்குகிற கடை ஒன்றில் இருந்தது. கூரான வாய். கீழே திருகு இருந்தது, பலகை ஓரத்தில் மாட்டலாம். முள்ளை மாட்டி நகத்தால் தட்டிப் பார்த்தேன். டிங் என்றது. அசையவில்லை. வாங்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வாங்கிவிட்டால் அடுத்த ஞாயிறு பேச ஒன்றும் இருக்காது.

வாரம் ஒரு கடை போனேன். ஒரு வைஸில் முள் வழுக்கியது. ஒன்றில் முள்ளே முறிந்தது. எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அவனும் அங்கே வந்த கெஸ்டுகளிடம் கேட்டு வந்து சொன்னான். ஆறாவது ஞாயிறு, "காஞ்சிபுரத்துல ஒரு வைஸ் கூடவாபா கெடைக்காது?" என்றான். மறுநாள் போய்ப் பொற்கொல்லர் வைஸை வாங்கினேன்.

அடுத்தது பாபின் மாட்டுகிற பிடி. இதில் நான் வேண்டுமென்று இழுக்கவில்லை, நிஜமாகவே நாள் ஆனது. நூல் சுற்றிய பாபினை இரண்டு கம்பிக் கால்கள் பிடித்திருக்க வேண்டும். நூல் ஒரு சின்னக் குழாய் வழியாக வர வேண்டும். கையை விட்டால் பாபின் தொங்க வேண்டும், நூல் தானாக அவிழக் கூடாது. இழுத்தால் மட்டும் வர வேண்டும். தையல் மெஷின் பாபினில் பட்டு நூலைச் சுற்றி, சைக்கிள் போக்ஸ் கம்பியை வளைத்துக் கால் செய்தேன். குழாய்க்குப் பேனா ரீபிள். அதன் விளிம்பு பட்டு நூலை அறுத்தது. நான் வேலை செய்கிற வீடு ஒன்றில் உடைந்த தறி நாடா ஒன்று கிடந்தது; குறுக்கு நூலை இங்கும் அங்கும் கொண்டுபோகிற கட்டை அது. நாடாவில் நூல் வெளியே வருகிற இடத்தில் பீங்கான் கண் இருக்கும். அதைக் கழற்றி ரீபிள் முனையில் ஒட்டினேன். அதற்குப் பிறகு அறுக்கவில்லை.

வீடியோ காலில் காட்டினேன். "சூப்பர்பா" என்றான். "செரி, கட்ட ஆரம்பி. சீசன் போயிக்கினு இருக்குது."

கறிக்கடையில் சேவல் கழுத்து றெக்கை வாங்கிக் கழுவி உலர்த்தினேன். வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். வீடியோவின் கடைசிப் பகுதியைச் சரியாகப் பார்க்கவில்லை. நூலை முடிக்கிற இடம் அது. நூலை முடிப்பது எனக்கா தெரியாது என்று விட்டுவிட்டேன். இரண்டு டஜன் கட்டி, பஞ்சு வைத்து டப்பாவில் அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது ஞாயிறு வந்தது.

"கெடைச்சிதா?"

"கெடைச்சிதுபா. நல்லாருக்குது. எல்லாருக்கும் புடிச்சிருக்குது."

"இன்னும் கட்டட்டுமா?"

"இப்ப வேணாம்பா. நானே சொல்றேன். செரி, வெச்சிடறேன்."

நல்லாயிருக்கிறது என்றால் ஏன் வேண்டாம் என்கிறான்? அன்று பூராவும் அதுவே ஓடியது. மாதிரிக்கு என்று நான் வைத்திருந்த ஒன்றை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டேன். கையால் நாலு சுற்று சுற்றினேன். நூல் தனியாக வந்தது. றெக்கை மேலே மிதந்தது. முள் அடியில் போய் உட்கார்ந்தது.

என் தப்பு எனக்குத் தெரிந்தது. பாவு பிணைக்கும்போது முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு இருந்தால் அச்சு என்கிற சீப்புக்குள் மாட்டி இழை அறும். விரலில் சாம்பல் தொட்டு இரண்டு இழையையும் திரித்து விடுவோம், அவ்வளவுதான். சாம்பல் பிடித்துக்கொள்ளும். முப்பத்தைந்து வருஷமாக என் கை முடிச்சுப் போட்டதில்லை. ஃப்ளையையும் அப்படியே திரித்து முடித்திருக்கிறேன். தறியில் தண்ணீர் இல்லை. ஆற்றில் தண்ணீர்தான் இருக்கிறது.

அவனுக்கும் தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டால் பழையபடி சாப்டியா, ஆச்சி என்று போய்விடும். இரண்டு நாள் யோசித்தேன். நானாக அவனுக்குப் போன் செய்ததே கிடையாது. வேலை நேரமாக இருக்கும் என்று செய்வதில்லை. புதன்கிழமை மத்தியானம் செய்தேன்.

எடுத்ததும், "இன்னாபா, உடம்புக்கு இன்னா?" என்று பதறினான்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் கட்டுனது தண்ணில பிரிஞ்சி போச்சா?"

கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சொல்லுடா."

"ஆமாபா. மொத தபா வீசும்போதே. கெஸ்டு கையில வெறும் முள்ளுதான் இருந்திச்சி."

"திட்டுனாங்களா?"

"இல்ல, சிரிச்சாங்க. நான் அந்தாண்ட போயிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"அவ்ளோ நாளு கடை கடையா அலைஞ்ச. எப்டிபா சொல்றது?"

முடிச்சுப் போடாததைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். "செரி வுடுபா. இங்க பனி வந்துடுச்சி. மீன் புடிக்கவே வுட மாட்டாங்க. மாசி மாசம் வரைக்கும் யாருக்கும் ஃப்ளை வேணாம்" என்றான்.

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இன்னா?"

நின்றுகொண்டிருந்தவன் உட்கார்ந்தேன்.

"ஃப்ளை இல்லாங்காட்டியும் பேசு."

"இன்னாபா பேசறது?"

"தெரியல. பேசலன்னாலும் பரவால்ல. போனை வெச்சிடாத."

போனை எங்கேயோ சாய்த்து வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கத்தி பலகையில் விழுகிற சத்தம். வெங்காயமாக இருக்கும். வேகமாக நறுக்கினான். அவன் இவ்வளவு வேகமாக நறுக்குவான் என்று எனக்குத் தெரியாது. இடையில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினான். ஏதோ இந்தியில் யாரிடமோ சொன்னான். திரும்ப நறுக்கினான்.

நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும்.

"பா, மொதலாளி கூப்புடறாரு."

"செரி போ."

போய்விட்டான். அன்றைக்கு எனக்கு ஒரு தறி பாக்கி இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.