சூடு ஆறாத சட்டை

நமக்குச் சேராத நன்றியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போனால் அதை என்ன செய்வது? அன்று அரைப்படிக்கும் தெரியவில்லை, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மகளுக்கும் தெரியவில்லை.

அரைப்படி என்பது சலவைக் கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர். ஆள் அவ்வளவுதான் உயரம். தொண்ணூறு நாள் வரை யாரும் கேட்டு வராத துணி கடைக்குச் சொந்தம் என்று ரசீதிலேயே அச்சடித்திருந்தார். லாரி டிரைவர் ஒருவரின் நீலச் சட்டை எழுபது நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கெட்டியான பருத்தித் துணி. மகளுக்குப் பள்ளி விழாவில் பரிசு. பெற்றவர்களுக்கு முன்வரிசையில் இடம். அரைப்படியிடம் இருந்ததெல்லாம் கழுத்து நைந்த சட்டைகள்.

"இன்னும் இருபது நாள் இருக்கேங்க," என்றாள் மனைவி.

"எழுபது நாளா வராதவன் இனிமேயா வரப்போறான்?"

போட்டுப் பார்த்தார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. பருத்திதானே, சுருங்கி வழிக்கு வரும் என்று கொதிக்கிற நீரில் அரை மணி நேரம் அமுக்கி வைத்தார். ஈரத்தோடு உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுச் சூட்டை உச்சத்துக்குத் திருப்பினார். முதல் தடவை கைகள் மட்டும் ஏறின. இரண்டாம் தடவை தோளும் கொஞ்சம் சுருங்கி வந்தது. மிச்சத்தைக் கைமடிப்பில் ஒளித்தார்.

விழா நாள் காலை அதைப் போட்டுக்கொண்டு கடையைத் திறந்தால், வாசலில் ரசீதோடு லாரி டிரைவர். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம், பாதி ஆளாகியிருந்தார். நல்லவேளை, அரைப்படி மேலே கழுத்துவரை வேலை அங்கி மாட்டியிருந்தார். தேய்த்துத் தருவதாகச் சொல்லி உள்ளே ஓடி, சட்டையைக் கழற்றிப் பெட்டி போட்டுக் கொண்டுவந்தார். உடம்புச் சூடும் பெட்டிச் சூடும் சேர்ந்து கையைச் சுட்டன.

டிரைவர் அங்கேயே போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

"அண்ணே, நான் இளைச்சது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அரைப்படியின் தலை, ஆமாம் என்பதுபோல் தானாக ஆடியது.

"வீட்டுல எல்லாச் சட்டையும் தொளதொளன்னு தொங்குது. உங்களுக்குத்தான் தோணிருக்கு."

கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

விழாவுக்கு நைந்த சட்டையிலேயே போய், கடைசி வரிசையில் உட்கார்ந்தார். டிரைவர் அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. லாரிச் சத்தம் கேட்டால் இன்றும் தேய்ப்பதை நிறுத்தி எட்டிப் பார்க்கிறார்.

"சொல்ல எனக்கு வாய் வரல. நீ எழுதும்மா," என்று மகளிடம் கேட்டார்.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். அந்த நீலச் சட்டைக்காரர் காதில் விழட்டும்: அது அவருக்காகச் சுருக்கியது இல்லை.