வீடு பூட்டியிருந்தது

என் வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பவர். இருபத்திரண்டு வருஷம் நடந்து செருப்புத் தேய்ந்தது போதாதென்று, நாற்பத்தெட்டாவது வயதில் சட்ட மேற்படிப்பில் சேர்ந்தார். மகள் கல்லூரிக்குப் போகும்போது அப்பாவும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? நானும் என் பங்குக்குக் கிண்டல் செய்தேன்.

படிப்பின் கடைசியில் ஓர் ஆய்வேடு எழுதி, தேர்வாளர் முன்னால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வராமலே தீர்ப்பான நூறு வழக்குகளை எடுத்துக்கொண்டார். சம்மன் உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்பதுதான் ஆய்வு. வழக்குகளைப் பொறுக்கிக் கொடுத்தது ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர். அறுபத்து மூன்றாவது, இவரிடமே சம்மன் கொடுத்தனுப்பிய வழக்கு.

ஆய்வேட்டைக் கொடுத்து முடித்த பிறகுதான் அந்தப் பக்கத்தைப் படித்தேன். ‘வீடு பூட்டியிருந்தது என்று குறிப்பு உள்ளது. ஊழியர் அங்கே செல்லவே இல்லை’ என்று எழுதியிருந்தார். சம்மன் கிடைக்காததால் அந்த வழக்கில் ஒரு பெண்ணுக்கு வீடே போயிருந்தது. ராத்திரி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டேன்.

“போகலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

“கேக்க மாட்டாங்க.” தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

“அன்னிக்கு ஏன் போகல?”

“மழை. இன்னும் பதினோரு சம்மன் கையில இருந்துச்சு. எல்லாரும் எழுதறதுதானேன்னு எழுதிட்டேன்.”

“கேட்டா, யாரோ சொன்னாங்கன்னு சொல்லிடுங்க. வேலை போச்சுன்னா நமக்கு நடுத்தெருதான்.”

ஒரு வாரம் இதையே படித்துப் படித்துச் சொன்னேன். பயத்தில் எனக்கு நியாயம் அநியாயம் எதுவும் தெரியவில்லை.

தேர்வன்று குடும்பத்தாரும் உட்காரலாம் என்றார்கள். பின்வரிசையில் உட்கார்ந்தேன், பையை மடியில் இறுக்கிக்கொண்டு. தேர்வாளர் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா. பாதி ஆய்வேடு வரை சாதாரணக் கேள்விகள்தான். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“அறுபத்து மூணுல, ஊழியர் போகலைன்னு எழுதியிருக்கீங்க. எப்படித் தெரியும்?”

பேராசிரியர் முந்திக்கொண்டார். “யாராவது சொல்லியிருப்பாங்க மேடம்.”

அதையே பிடித்துக்கொள்ளக் கூடாதா இந்த மனுஷன் என்று அடித்துக்கொண்டது மனசு.

“யாரும் சொல்லலைங்க. அது என் கையெழுத்து. நான்தான் போகல.”

நீதிபதி அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, “அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?” என்று மட்டும் கேட்டார்.

ஊரில் எல்லார் முகவரியையும் தலையில் வைத்திருக்கிற என் வீட்டுக்காரர், என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் தெரியாது. ஒரு வாரமாக நானும் அதை மட்டும் கேட்கவில்லை.